அரிக்கமேட்டு ஜாடிகள்



ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் உலகப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று பிரான்சு நாட்டின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு அருகே இருக்கும் செயின்ட் எமிலியோன் என்னும் சிற்றூர். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த கோயில், கல் பாவிய குறுகிய தெருக்கள், ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1199-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஜான் அந்த ஊராருக்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். ஊர்க் காரியங்களையும் திராட்சை மதுவின் தரத்தையும் கவனிக்கும் பொறுப்பு ஊர்ப் பெரியவர்களிடமே இருந்தது. 1999-இல் யுனெஸ்கோ அந்தத் திராட்சைத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் உலகெங்கிலுமிருந்து மக்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி, "டீச்சர், நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி ஊர் ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "இருந்துச்சே, கள்ளுக்கடை!" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அந்தப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னதற்குப் பின்னால் எத்தனை வீட்டுச் சோறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. கடல் கடந்து வந்த திராட்சை மது இறங்கிய தமிழ் ஊர் ஒன்று இருந்தது. செயின்ட் எமிலியோனில் அந்தச் சாசனம் எழுதப்படுவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மது ஜாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த ஊருக்கு இன்றைய பெயர் அரிக்கமேடு. பள்ளி விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், ஆற்றின் கரையில் ஒரு மேடு. பக்கத்திலே வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். ஆட்டோக்காரர் எங்களை ஒரு தோப்பின் ஓரத்தில் இறக்கிவிட்டார். உள்ளே நடந்தோம். மரங்கள், நிழல், ஆட்டுக்குட்டிகள், ஆற்றங்கரையில் கண்டல் மரங்கள். இடிந்த செங்கல் சுவர் கொஞ்சம் நின்றது. வேறொன்றும் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் தாயார் இடுப்பில் கை வைத்துச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அகழ்ந்த குழிகளையெல்லாம் ஆய்வாளர்கள் மறுபடி மண்ணிட்டு மூடிவிட்டார்கள். மழையும் வெயிலும் ஆற்று வெள்ளமும் பழைய சுவர்களைக் கரைத்துவிடாமல் இருக்க அதுவே நல்ல வழி. நிற்கிற இடிந்த சுவரும் பழங்காலத்தது அன்று. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் மிச்சம் என்கிறார்கள். அந்தக் குருமடத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. பிஞ்ஞோ என்ற பாதிரியார் இன்றைய வியட்நாம் எல்லையருகே நடத்திய குருமடம் கலகத்தில் அழிந்தது. அவர் தப்பி மலாக்கா வழியாக 1770-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, இந்த ஆற்றங்கரையில் அதை மறுபடி தொடங்கினார்.

அந்தக் காலத்திலேயே இந்த மேட்டைப் பார்த்து எழுதிவைத்த இன்னொருவர் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலார். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கிரகம் கடந்து போவதைப் பார்க்கத்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார். 1761-இல் அது நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த முறைக்காக எட்டு ஆண்டுகள் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1769-இல் புதுச்சேரியில் கருவியை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குறித்த நேரத்தில் மேகம் வந்து மூடிவிட்டது! வானத்தில் தேடியது கிடைக்காத அந்த மனிதர் கண்ணில் பட்டது, இந்த ஆற்றங்கரையில் ஊரார் பெயர்த்துக்கொண்டிருந்த பழைய செங்கல்.

அதன் பிறகு நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் மட்டும் கவனித்தார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டிலே சிறு சிறு நிறக் கற்களும் கண்ணாடி மணிகளும் வெளியே தெரியும். அவர்கள் பொறுக்கி விளையாடுவார்கள். 1937-இல் புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அப்படிப் பிள்ளைகள் கொண்டுவந்த மணிகளை வாங்கிச் சேர்த்தார். மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் அவற்றில் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே ஓர் அலமாரிக்குள் நீண்ட கைப்பிடியுடன் ஓர் உடைந்த ஜாடித் துண்டைக் கண்டார். இத்தாலி நாட்டு மது ஜாடியை அவர் ஐரோப்பாவில் எத்தனையோ முறை தோண்டி எடுத்தவர். 'இது இங்கே எப்படி?' என்று கேட்டு, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு, உடனே அங்கே புறப்பட்டார். 1945-இல் அகழாய்வு நடந்தது. பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் தலைமையில் ஒரு குழுவும் தோண்டினார்கள்.

உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதில் மதுதான் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? என் மாணவர்கள் ஊருக்குத் திரும்பியதும் முதலில் கேட்டது இதைத்தான்.

அந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பெயர். ஒடுங்கிய கழுத்து, இரு புறமும் கைப்பிடி, கீழே தட்டையாக இல்லாமல் கூம்பாக முடியும் அடி. கூம்பாக இருந்தால் எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். நிற்க வேண்டியதில்லை. கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசை ஜாடியின் கழுத்துகளுக்கு இடையே மேல் வரிசையின் கூர்நுனியைச் செருகி அடுக்கிவிடுவார்கள். அலை ஆட்டினாலும் அசையாது. கரையிலே மணலில் குத்தி வைக்கலாம். ஊற்றும்போது அந்த நுனியே மூன்றாவது கைப்பிடி. நல்ல பெரிய ஜாடி ஏறக்குறைய 26 லிட்டர் கொள்ளும். உட்புறம் கசியாமலிருக்க மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். அந்தக் கருப்புப் பூச்சு சில ஓடுகளில் இன்னமும் ஒட்டியிருக்கிறது. வாயைத் தக்கை வைத்து அடைப்பார்கள்.

எந்த ஊர் ஜாடி என்பதை மண்ணும் கைப்பிடியும் சொல்லும். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணில் கருமணல் பொடிகள் மின்னும். கிரேக்க நாட்டுக் கோஸ் தீவின் ஜாடிக்கு, இரண்டு மண் திரிகளைச் சேர்த்து ஒட்டினாற்போன்ற இரட்டைக் கைப்பிடி. அரிக்கமேட்டுத் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் வில் அம்மையார் அவற்றில் கோஸ் வகை ஜாடிகள் மிகுதி என்று கண்டார். எல்லா ஜாடியும் மது ஜாடி அன்று. சிலவற்றில் ஒலிவ எண்ணெயும், சிலவற்றில் மீனைப் புளிக்கவைத்த குழம்பும் வந்தன. புளித்த மீன் குழம்பு என்றதும் நமக்கு நம் அண்டை வீட்டுப் புடுவும் செஞ்சாலோக்கும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? கோஸ் தீவு மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கம் என்பது இன்னொரு செய்தி. உப்புக் கலந்த மதுவை விலை கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள்!

காலத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதும் சுவையானது. ஜாடிகளோடு இத்தாலியின் அரேட்சோ ஊரில் செய்த சிவந்த பளபளப்பான தட்டுகளும் உடைந்து கிடந்தன. அவற்றின் அடியில் செய்தவர் பெயர் முத்திரையாக இருக்கும். அந்தப் பட்டறைகள் எந்த ஆண்டுகளில் நடந்தன என்பது ஐரோப்பாவில் முன்னமே தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் ஏறத்தாழ அதே வயது. பழைய பெட்டியில் துணிகளோடு ஆண்டு போட்ட சம்பளச் சீட்டு ஒன்று கிடந்தால் துணிக்கும் வயது தெரிந்துவிடுவதைப் போல. இந்த வழியாகத்தான் தென்னிந்தியாவின் பழைய ஊர்கள் பலவற்றுக்கு முதன்முதலாக உறுதியான காலம் கிடைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில், ரோமர் சரக்கு வருவதற்கு முன்பே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே அங்கே ஊர் இருந்தது என்று தெரிந்தது. மேல் அடுக்குகளில் சோழர் காலத்துக் காசும் சீனத்துப் பச்சைப் பீங்கானும் கிடைத்தன. ஆகவே இடைக்காலத்திலும் அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பழைய கடல்வழி நூலில் பொதுகே என்ற துறைமுகம் வருகிறது. அது இந்த இடம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. சங்கப் புலவர் நக்கீரரும் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டிய மன்னனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர நீ அருந்துவாயாக என்ற பொருள்படப் பாடியிருக்கிறார். பொற்கிண்ணம் என்பதைக் கவனியுங்கள்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஜாடித் துண்டுகளைப் பார்த்தபோது என் தாயார் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்தார். "முழுசா இருந்தா எத்தனை போத்தல் பிடிக்கும்?" என்று கேட்டார். 26 லிட்டர் என்றேன். மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "நல்ல வேளை, உங்கப்பா கண்ணுல படல" என்றார். இருவரும் சிரித்தோம். அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். திராட்சைச் சாறும் தென்னம்பாளையும் ஒரே விதமாகத்தான் மதுவாகின்றன. காற்றிலும் தோலிலும் பானையிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நொதிகள் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகின்றன. ஆனால் கள் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். ஓரிரு நாளில் காடியாகிவிடும். காலையில் இறக்கியதை அன்றைக்கே விற்க வேண்டும், அதுவும் மரத்துக்குப் பக்கத்திலேயே விற்க வேண்டும். திராட்சை மதுவில் சாராயச் சத்தும் புளிப்பும் கூடுதல். காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் மாதக் கணக்கில் தாங்கும். ஆகவேதான் அது எகிப்துக் கரையில் கப்பலேறி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக் கடல் தாண்டி வர முடிந்தது. செங்கடல் வாயிலிருந்து மேற்குக் கரையிலுள்ள முசிறிக்கு 40 நாள் என்று பிளினி என்ற ரோமர் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் வந்த சரக்கு கூலிக்காரன் கைக்கு எட்டுமா? அது அரசனுக்கும் வணிகனுக்கும் உரியது. உழைத்தவனுக்குப் பக்கத்து மரத்துக் கள்.

நம் தோட்டங்களில் நடந்தது இன்னொரு கதை. மலாயாவில் தோட்ட நிர்வாகங்களே உரிமம் பெற்றுக் கள்ளுக்கடை நடத்திய காலம் இருந்தது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. படையை அழைத்து அடக்கினார்கள். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். போருக்குப் பின் 1946, 1947 ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடிக்கிற சாதி என்று நம்மை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கடையை மூடச் சொல்லி உயிர் கொடுத்தவர்களும் நம்மவர்தான் என்பதை அந்தப் பின் வரிசைப் பையனுக்கு நான் சொன்னேன். இதற்கு முன் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் சம்பள நாள் மாலை, அம்மா வாசலில் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருப்பார். கடைக்காரர் பற்றுப் புத்தகம் ஒரு பக்கம், கள்ளுக்கடை ஒரு பக்கம். இரண்டையும் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த வெள்ளியில்தான் எங்கள் நோட்டுப் புத்தகம். அப்பா கெட்ட மனிதர் அல்லர். விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், மழைக்குப் பயந்து மரத்துக்கு மரம் ஓடி, உச்சி வெயிலில் பால் சுமந்து வந்தவர். உடம்பு நோவுக்கு மருந்து அது ஒன்றுதான் என்று நம்பினார். கள்ளுக்கடை மூடிய பிறகு மலிவான சம்சு போத்தல் வந்தது. கள்ளைவிட அதுதான் எங்கள் வரிசையில் அதிகம் பேரைக் கொண்டுபோனது.

சரி, மணிகளுக்கு வருவோம். அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைத்தவை ஜாடிகள் அல்ல, மணிகள். கல்லைத் தேய்த்து, துளையிட்டுச் செய்தவை ஒரு வகை. மற்றொன்று கண்ணாடி மணி. உருகிய கண்ணாடிக் கட்டியை இரும்புக் குழலில் சேர்த்து, நடுவில் துளை அடையாமல் ஒருவர் நீளமாக இழுத்துக்கொண்டே போவார். மெல்லிய குழாயாக நீளும். அதைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கிக் கிளறினால் முனை மழுங்கி உருண்டு வரும். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இந்தக் கைவேலை நம் காலம் வரை பிழைத்திருந்தது. இப்படிப்பட்ட மணிகள் இலங்கை மாந்தையிலும், தாய்லாந்திலும், நம் பேராக் கடலோரத்துக் கோலா செலின்சிங்கிலும் கிடைத்திருக்கின்றன.

நம் ஜொகூரிலும் கிடைத்தன. இங்கே சுங்க அதிகாரியாக வேலை பார்த்த ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் ஜொகூர் ஆற்றங்கரையில் பழைய மணிகளைச் சேர்த்து, இவை ரோமப் பேரரசோடு மலாயாவுக்கு இருந்த பழைய கடல் தொடர்புக்குச் சான்று என்று 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். புதுச்சேரியில் பிள்ளைகளின் மணிகளை ழுவோ துப்ரேய் வாங்கிய அதே ஆண்டு! ஆனால் ஜொகூர் மணிகளை வைத்து அவசரமாக முடிவு கட்டக் கூடாது. ஜொகூர் லாமா பதினாறாம் நூற்றாண்டில் சுல்தான்களின் தலைநகர்; 1587-இல் போர்த்துகீசியர் அதை அழித்தார்கள். பல காலத்து மக்கள் வாழ்ந்த கரையில் பல காலத்து மணிகளும் கலந்து கிடக்கும். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் பொறுக்கிய பொருள், ஊர் பெயர் தெரியாத அநாதைக் குழந்தை மாதிரி.

அரிக்கமேட்டில் என் மனத்தில் நின்றது வேறொன்று. அங்கே கிடைத்த சாதாரணப் பானை ஓடுகள் சிலவற்றில் பழைய தமிழி எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அரசர் பெயர் அல்ல. பானைக்கு உடையவர் பெயர். வீலர் அந்த ஊரை ரோமரின் வணிகத் தலமாகப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் பானைகளை எண்ணிப் பார்த்தபோது பெரும்பகுதி உள்ளூர்ச் சமையல் பானைகளாகவே இருந்தன. மணி தேய்த்தவர்களும் படகு ஓட்டியவர்களும் சோறு பொங்கியவர்களும் நிறைந்த ஊர் அது. ஜாடி கடல் தாண்டி வந்தது. அதைக் கரையில் இறக்கி முதுகில் சுமந்தவர் அங்கேயே பிறந்தவர்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் முன்பு ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது செம்பனை. செம்பனைக்கும் அப்பால் வீடமைப்புத் திட்டத்துக்காக மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். லயங்கள் இருந்த இடம் சமமாகிவிட்டது. ஊரிலிருந்து திரும்பியதும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அரை மணி நேரத்தில் ஒரு பை நிறைய எடுத்துவிட்டார்கள். எல்லாம் பால் மங்கு. உடைந்ததும் உடையாததுமாக, பால் கட்டி ஒட்டியபடி. ஒரு மங்கின் அடியில் முத்திரை போல ஓர் அடையாளம் இருந்தது. ஒரு மாணவி அதைத் தாளில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தாள். எந்த இடத்தில் எடுத்தோம், என்ன நாள், யார் எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டினோம். என் தாயார் அவற்றைப் பார்த்துவிட்டு, சாய்வான மரத்துக்கு எந்த அளவு மங்கு, மழைக்காலத்தில் எப்படிக் கவிழ்த்து வைப்போம் என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொன்னார். அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

நேயர்களில் ஆற்றோரத்திலும் மண் வெட்டுகிற இடத்திலும் வேலை செய்கிறவர்கள் இருப்பீர்கள். பழைய மணியோ காசோ பீங்கானோ கண்ணில் பட்டால் கழுவாதீர்கள், விற்காதீர்கள். கிடந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மங்குக்கும் பிரட்டு மணிக்கும் பழைய சம்பளச் சீட்டுக்கும் எந்தச் சட்டமும் இல்லை. அவை வீட்டில் இருந்தால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது யாருடையது என்று பெயரையும் எழுதிக் கொடுங்கள்.